பூட்டிய கணக்கைத் திறவாமலே விடை பெறும் முறை

நிலத்தைப்போலவே நிலத்தின் கணக்கும் குடியானவருடைய சொத்தேயாகும். ஆனால் நிலம் இருந்த இடத்திலேயே இருக்கின்றது. கணக்கோ ஊரை விட்டுப் போய்விட்டது. பெண்ணாகரத்தை அடுத்த ஏரியூரில் மூன்று ஏக்கர் மானாவாரியில் ராகியும் நிலக்கடலையும் மரவள்ளியும் பயிரிட்டு, ஒரு கறவை மாடும் வைத்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய பட்டாவும் சிட்டாவும் அடங்கலும் கம்ப்யூட்டரில் ஏறியிருக்கின்றன. மாட்டின் காது வில்லையில் 12 இலக்க எண் ஒன்றுண்டு. பால் ஊற்றினால் அளவும் கொழுப்புச் சத்தும் அங்கே பதிவாகின்றன. கூட்டுறவுக் கடன் ஓரிடத்திலும், மண் பரிசோதனைச் சீட்டு வேறோரிடத்திலும் இருக்கின்றன. 2024-ம் வருஷம் செப்டம்பர் 2-ந் தேதி மத்திய மந்திரி சபை 2,817 கோடி ரூபாய் மதிப்பில் டிஜிட்டல் விவசாயத் திட்டத்தை அங்கீகரித்தபோது, 11 கோடி குடியானவர்களுக்குத் தனி அடையாள எண் கொடுப்பதென்றும் தீர்மானிக்கப்பட்டது. இவ்வெண் சிதறிக் கிடக்கும் கணக்குகளை ஒரே நூலிற் கோக்கும் ஊசியாகும். அதனால் மானியமும் கடனும் விரைவில் கிடைப்பது உண்மை. ஒரே இடத்தில் நின்று ஒருவருடைய விஷயம் முழுவதையும் பார்த்துவிடக் கூடுமென்பதும் உண்மை.

ஆகவே இரண்டு கேள்விகள் எழுகின்றன. நம் கணக்கை யார் படிக்கிறார்கள் என்பது முதலாவது. நாம் எதைப்பற்றிக் கேட்டோம் என்பதை யார் தெரிந்துகொள்கிறார்கள் என்பது இரண்டாவது. முதலாவதைச் சிலர் கேட்கிறார்கள். இரண்டாவதை அநேகமாய் ஒருவரும் கேட்பதில்லை. கணக்கையும் திறவாமல், கேள்வியையும் வெளியிடாமல், விடையைமட்டும் பெறுதற்குக் கணித சாஸ்திரிகள் சில வழிகளைக் கண்டிருக்கிறார்கள். கேட்டவுடன் இது செப்படி வித்தையென்று தோன்றும். அவற்றுள் ஒன்றைப் புளியங்கொட்டையைக் கொண்டே செய்து பார்க்கலாமென்பது பின்னே விளங்கும்.

கணக்கு வெளிப்படுவதால் நேரும் கெடுதி கற்பனையன்று. 2022-ம் வருஷத்தில் பி.எம். கிசான் திட்டத்தின் இணையப் பக்கமொன்று குடியானவர்களுடைய ஆதார் எண்களை வெளியார் எடுத்துக்கொள்ளும்படி விட்டிருந்ததென்று ஆராய்ச்சியாளர் ஒருவர் கண்டு தெரிவித்தார். பிறகு அது திருத்தப்பட்டது. அதற்கு இரண்டு வருஷம் முன்னே, 2020-ல், அதே திட்டத்தில் நமது ராஜ்யத்தில் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட தகுதியற்ற பெயர்கள் சேர்க்கப்பட்டு, சுமார் 110 கோடி ரூபாய் தவறாய்ப் பட்டுவாடா ஆயிற்று. அங்கே பூட்டை ஒருவரும் உடைக்கவில்லை. உத்தியோகஸ்தர்களுக்கென்று கொடுத்திருந்த ரகசியச் சொல்லைப் பிறர் உபயோகித்தனர். பூட்டு ஒன்று, சாவி மற்றொன்று என்பதை வாசகர்கள் இப்போதே மனத்திற்கொள்ள வேண்டும்.

கணக்கின் தன்மை

பூட்டும் விதத்தைச் சொல்லுமுன் பூட்டப்படும் பொருளைச் சிறிது கவனிப்போம். அடங்கலில் சர்வே எண், உட்பிரிவு, விஸ்தீரணம், பயிர், பாசனம் என்று கட்டங்கள் உண்டு. கடைசியிற் குறிப்புக்கென்று ஒரு கட்டம் உண்டு. கிணறு தூர்ந்தது, ஓரத்தில் இரண்டு புளிய மரம், பாதியில் யானை மேய்ந்தது என்று எதையும் அங்கே எழுதலாம். இப்படிப் பாதி கட்டத்துக்கு அடங்கியும் பாதி அடங்காமலும் இருப்பதே இக்காலத்துக் கணக்குகளின் இயல்பு. ஒவ்வொரு விவரத்துக்கும் தலைப்புச் சீட்டு ஒன்று கட்டி வைப்பார்கள். ஒருவருக்குக் ‘கடன்’ என்ற சீட்டு இருக்கும், மற்றொருவருக்கு இராது. ஒரு சீட்டுக்குள் நாலு சீட்டுகள் இருக்கவுங் கூடும்.

மற்றொரு விசேஷம். பழைய கணக்கு ஏரியைப்போல் நின்றது. இப்போதைய கணக்கு ஓடையைப்போல் ஓடுகின்றது. பாற்கணக்கு தினம் இருவேளை வருகின்றது. மார்க்கெட் வரத்து மணிக்கு மணி வருகின்றது. பயிர்க் கணக்கெடுப்பில் செல்போனிலிருந்து படமும் இடக்குறிப்பும் வந்துகொண்டேயிருக்கின்றன. மழைநாளில் ஓடைத் தண்ணீரை அது ஓடும்போதே மடக்கினாலன்றிப் பிறகு கிடையாது. அதுபோல இவ்வளவையும் சேர்த்து வைத்துப் பிறகு தேடுவதென்றால் இடமும் செலவும் கட்டாது. ஓடும்போதே வேண்டியதைப் பிரித்தெடுக்க வேண்டும்.

சாதாரணப் பூட்டும் முத்திரையும்

சங்கேத எழுத்தாக மாற்றுவதே பூட்டுவது. சாவியில்லாதவருக்கு அது வெறுங் கிறுக்கல். இம்முறை நம்பத்தக்கதே. ஆனால் பூட்டிய கணக்கில் ஒன்றைத் தேடவேண்டுமானால், திறந்துதான் தேடவேண்டும். திறப்பதற்குச் சாவி கணக்கு வைத்திருப்பவரிடமே இருக்கவேண்டும். அவர் எல்லாவற்றையும் படிக்கலாம். நெல்லைக் குதிரில் வைத்துப் பூட்டி, சாவியைக் குதிரின்மேலேயே மாட்டி வைத்ததுபோலாகும்.

இதற்கு 2000-ம் வருஷத்தில் கலிபோர்னியா சர்வகலாசாலையைச் சேர்ந்த டான் ஸாங், டேவிட் வாக்னர், ஏட்ரியன் பெர்ரிக் என்பவர்கள் ஒரு வழி சொன்னார்கள். சற்று எளிதாக்கிச் சொன்னால் அவ்வழியில் வளர்ந்த முறை பின்வருமாறு: சீட்டைப் பூட்டுவதோடு, அதிலுள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் ரகசிய எண்ணொன்றைக்கொண்டு ஒரு முத்திரை செய்து வெளியிற் குத்திவிடுவது. தேடவேண்டியவர் தமக்கு வேண்டிய சொல்லின் முத்திரையைமட்டும் அனுப்புவார். கணக்கு வைத்திருப்பவர் அதே முத்திரையுள்ள சீட்டுகளைப் பூட்டியபடியே எடுத்துக் கொடுப்பார். சொல் இன்னதென்று அவருக்குத் தெரியாது. தலைப்பையும் விவரத்தையும் சேர்த்து ‘பயிர்: மரவள்ளி’ என்று ஒரே முத்திரையாகக் குத்தினால் கட்டங்கட்டமாகவும் தேடலாம்.

முறை மலிவானது; வேகமானது. ஆனால் இதில் ஓர் ஓட்டை உண்டு. ஒரே சொல்லைத் தேடும்போதெல்லாம் ஒரே முத்திரை வரும். நம் பக்கத்துச் சீட்டுகளில் மிகுதியாய் அகப்படும் பயிர் முத்திரை ராகியாகத்தான் இருக்குமென்று ஊகிக்க, அதிக சாமர்த்தியம் வேண்டாம். பூட்டைத் தொடாமல் எண்ணிக்கையைமட்டும் பார்த்துக்கொண்டிருப்பவன் நாளடைவில் பாதி விஷயத்தைத் தெரிந்துகொள்வான். இம்முறையைப் பற்றிப் பெருமையாய்ப் பேசுவோர் இதைச் சொல்லாமல் விடுவதுண்டு.

கேள்வியை ஏன் மறைக்க வேண்டும்?

கணக்கை மறைப்பது சரி, கேள்வியை மறைப்பதெதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். முன்காலத்தில் ஒருவர் கர்ணத்தின் திண்ணைக்குச் சென்று ஒரு சர்வே எண்ணுக்கு வில்லங்கம் உண்டா என்று விசாரித்தால், அவர் வீடு திரும்புமுன் அந்நிலத்தை அவர் வாங்கப் போகிறாரென்பது ஊருக்குத் தெரிந்துவிடும். மறுநாள் விலை ஏறியிருக்கும். 1980-ல் கர்ணம், முன்சீப் உத்தியோகங்கள் எடுபட்டன. ஆனால் கேள்வியைக் கொண்டு எண்ணத்தை அறியும் காரியம் எடுபடவில்லை. அது யந்திரத்துக்கு மாறியிருக்கின்றது.

சர்க்கார் கேட்கும் கேள்விக்கும் இது பொருந்தும். மரவள்ளியில் மாவுப்பூச்சி 2020 முதல் கேரளத்திலும் பிறகு சேலம், நாமக்கல், தருமபுரி முதலிய ஜில்லாக்களிலும் பெருஞ் சேதம் விளைவித்ததும், அதை அடக்க ஆப்பிரிக்காவிலுள்ள பெனின் தேசத்திலிருந்து ஒரு சிறு குளவி தருவிக்கப்பட்டு 2022-ல் விடப்பட்டதும் இப்பக்கத்தார் அறிந்ததே. ஏரியூர்ப் பக்கம் மறுபடி அப்பூச்சி தலைகாட்டிற்றா என்று ஓர் உத்தியோகஸ்தர் பூச்சிச் செய்திகளின் ஓடையில் தேடுகிறாரென்று வைத்துக்கொள்வோம். அவர் தேடுகிறாரென்ற செய்தி கசிந்தாலே போதும். சில குடியானவர்கள் பயந்து முற்றாத கிழங்கைப் பிடுங்குவார்கள். வாங்குவோர் அதையே காரணங்காட்டி விலையைக் குறைப்பார்கள். பூச்சி இல்லையென்று பிறகு தெரிந்தாலும் பிடுங்கிய கிழங்கு மண்ணுக்குத் திரும்பாது.

புளியங்கொட்டைப் பரீட்சை

கேள்வியை மறைக்கும் வழியை முதன்முதல் ஒழுங்காய் எடுத்துரைத்தவர்கள் 1995-ல் பென்னி சோர், ஓடெட் கோல்ட்ரைக், எயல் குஷிலெவிட்ஸ், மது சூதன் என்ற நால்வர். கடைசியாகச் சொன்னவர் சென்னையிற் பிறந்தவர். அவர்கள் முறையின் சாரத்தைப் பின்வருமாறு செய்து பார்க்கலாம்.

எட்டு வயல்களின் ராகி மகசூல் மூட்டைக் கணக்கில் 12, 9, 15, 7, 11, 14, 8, 10 என்று வரிசையாய் இருக்கட்டும். இதே கணக்கின் பிரதி இரண்டு குமாஸ்தாக்களிடம் இருக்கின்றது. இருவரும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. எனக்கு வேண்டியது ஐந்தாம் வயலின் மகசூல். அதை நான் கேட்டதாக எவருக்கும் தெரியக்கூடாது. ஒரு பக்கம் தேய்த்து வெளுப்பாக்கிய புளியங்கொட்டையை ஒவ்வொரு வயலுக்கும் ஒரு முறை உருட்டுகிறேன். வெள்ளை விழுந்த வயல்களைமட்டும் எழுதிக்கொள்கிறேன். 2, 3, 6, 8 என்று விழுந்தது. முதல் குமாஸ்தாவிடம் இந்நான்கையும் கூட்டிச் சொல்லச் சொல்கிறேன். 9, 15, 14, 10 ஆகியவற்றைக் கூட்டி 48 என்கிறார். இரண்டாமவரிடம் அதே பட்டியலில் ஐந்தையும் சேர்த்து 2, 3, 5, 6, 8 என்று கொடுக்கிறேன். அவர் 59 என்கிறார். கழித்தால் 11. ஐந்தாம் வயலின் மகசூல் கைக்கு வந்துவிட்டது. கொட்டை உருட்டும்போதே ஐந்தும் வெள்ளையாய் விழுந்திருந்தால், இரண்டாம் பட்டியலில் அதைச் சேர்ப்பதற்குப் பதிலாய் நீக்கவேண்டும். பெரிய தொகையிலிருந்து சிறியதைக் கழித்தால் அப்போதும் விடை அதுவே. இரண்டு குமாஸ்தாக்களில் ஒருவருக்கும் என் எண்ணம் தெரியாது, ஏனெனில் ஒவ்வொருவரும் பார்த்தது கொட்டை விழுந்தபடி அமைந்த பட்டியலைமட்டுமே. இருவரும் ஒரு தேநீர்க் கடையில் கூடிப் பட்டியல்களை ஒப்பிட்டுப் பார்த்தால் மாத்திரம் குட்டு வெளிப்படும்.

ஒரே குமாஸ்தா இருக்கும்போது

இரண்டு இடங்களில் கணக்கு வைப்பதும், இருவரும் கூடமாட்டார்கள் என்று நம்புவதும் எப்பொழுதும் இயலாது. ஒரே இடத்தில் கணக்கிருந்தாலும் கேள்வியை மறைக்கக்கூடுமென்று 1997-ல் குஷிலெவிட்ஸும் ரஃபாயில் ஆஸ்ட்ரோவ்ஸ்கியும் காட்டினர். 2005-ல் ஆஸ்ட்ரோவ்ஸ்கியும் வில்லியம் ஸ்கீத்தும் இதை ஓடும் கணக்குக்குப் பொருத்தினார்கள். அவர்கள் முறைக்கு ஆதாரமாக, 1999-ல் பையே என்ற பிரெஞ்சுக்காரர் சொன்ன ஒருவகைப் பூட்டை வைத்துக்கொள்ளலாம். அப்பூட்டில் விசேஷமென்னவென்றால், பூட்டிய இரண்டு எண்களைத் திறவாமலே கூட்டலாம்; பூட்டிய எண்ணை வெளிப்படையான எண்ணாலே பெருக்கலாம். வருகின்ற விடையும் பூட்டியபடியே வரும். ஒரே எண்ணை நூறு முறை பூட்டினாலும் நூறு விதமாய்த் தோன்றும். ஆகையால் முன்சொன்ன முத்திரையின் ஓட்டை இதில் இல்லை.

இப்பூட்டைக் கொண்டு நம் உத்தியோகஸ்தர் செய்வது இது. ராகி, சாமை, கொள்ளு, நிலக்கடலை, மரவள்ளி, மாவுப்பூச்சி, வாடல் நோய் என்று பூச்சிச் செய்திகளில் வரக்கூடிய சொற்களுக்கெல்லாம் ஒரு பட்டியல் தயாரித்து, ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு பூட்டிய எண்ணை வைக்கிறார். வேண்டிய சொல்லான மாவுப்பூச்சிக்கு எதிரில் ஒன்று. மற்றவற்றுக்கு எதிரில் பூஜ்யம். எது ஒன்று, எது பூஜ்யமென்று குமாஸ்தாவுக்குத் தெரியாது. வருகின்ற ஒவ்வொரு சீட்டிலும் உள்ள சொற்களுக்குரிய பூட்டிய எண்களைக் குமாஸ்தா கூட்டுகிறார். வந்த தொகையைச் சீட்டின் வாசகத்தாலே பெருக்குகிறார். கம்ப்யூட்டரில் எழுத்தும் எண்ணாகவே இருப்பதால் இது கூடும். வேண்டாத சீட்டானால் பூஜ்யத்தைப் பெருக்கினதாகி ஒன்றுமற்றுப் போகின்றது. வேண்டிய சீட்டானால் வாசகம் நிற்கின்றது. தூற்றும்போது பதர் பறந்து மணி நிற்பதைப்போலத்தான். ஆனால் தூற்றுகிறவருக்கே எது பதர், எது மணியென்று தெரியாது.

பிறகு இந்தப் பெருக்கலை எங்கே வைப்பது? நூறோ இருநூறோ குழிகள் கொண்ட ஒரு பலகையில், கண்ணை மூடிக்கொண்டு சில குழிகளிற் போட்டுக் கூட்டிவிடுகிறார். பூஜ்யம் எந்தக் குழியில் விழுந்தாலும் அங்குள்ளதை மாற்றாது. வேண்டிய இரண்டு சீட்டுகள் ஒரே குழியில் விழுந்தால் இரண்டுங் கலந்து கெட்டுப்போகும். அதற்காகவே ஒவ்வொரு சீட்டையும் பல குழிகளிற் போடுவது. ஒன்றிலாவது தனித்து முளைக்குமென்று குழிக்கு மூன்று விதை ஊன்றுகிற புத்திதான். மாலையில் உத்தியோகஸ்தர் பலகையை வாங்கித் தம் சாவியாலே திறந்து பார்ப்பார். ஓடையில் லட்சம் சீட்டுகள் போயிருந்தாலும், பலகையின் அளவு வேண்டிய சீட்டுகளின் தொகையைப் பொறுத்ததே.

குமாஸ்தா ஒவ்வொரு சீட்டையும் ஒரேமாதிரி தொட்டாக வேண்டுமென்பதை இங்கே கவனிக்க. ஒன்றை விட்டுவிட்டால் அது வேண்டாததென்று காட்டிக்கொடுத்ததாகும். கேள்வியை மறைப்பதற்குக் கொடுக்கும் விலை இந்த வீண் வேலைதான். பட்டியலில் முன்னமே இல்லாத சொல்லைக் கேட்க முடியாதென்பதும் ஒரு குறை.

மேற்கூறியதில் கேள்வி மறைந்தது. சீட்டின் வாசகம் குமாஸ்தாவுக்குத் தெரிந்தேயிருக்கின்றது. சீட்டும் பூட்டியிருக்க, கேள்வியும் பூட்டியிருக்க வேண்டுமானால், பூட்டிய எண்ணைப் பூட்டிய எண்ணாலே பெருக்க வேண்டும். இதைப்பற்றி ரிவெஸ்ட், ஏடில்மன், டெர்டூஸஸ் என்ற மூவர் 1978-லேயே யோசித்தார்கள். கூட்டலும் பெருக்கலும் எத்தனைமுறை வேண்டுமாயினும் செய்யத்தக்க பூட்டு 2009-ல் கிரெய்க் ஜென்ட்ரி என்பவரால் வெளிப்பட்டது. அது ஆரம்பத்தில் மிகுந்த தாமதமுடையதாய் இருந்தது. இப்போது எவ்வளவோ சீர்ப்பட்டிருக்கின்றது. எனினும் சாதாரணக் கணக்கைவிட வேலை பன்மடங்கே. ஆகையால் எல்லாவற்றுக்கும் இதை உபயோகிக்கவேண்டுமென்று நான் சொல்லமாட்டேன். இது வெறும் ஏட்டுச் சுரைக்காயென்று தள்ளுவதற்கும் இல்லை. 2024 முதல் ஆப்பிள் கம்பெனியின் செல்போன்களில், கூப்பிடுகிறவர் யாரென்று தேடும்போது எண்ணை வெளியிடாமலே விடைபெற இவ்வகைப் பூட்டு உபயோகத்திலிருக்கின்றது.

பூட்டுக்கு அகப்படாதவை

சீட்டைப் பூட்டினாலும் அதன் நீளம் தெரியும். கடன் விவரமுள்ள சீட்டு நீளமாயும் இல்லாதது குட்டையாயும் இருந்தால், பார்க்கிறவன் திறவாமலே சொல்லிவிடுவான். குறிப்புக் கட்டம் நிறைந்த கணக்குகளில் இத்தொந்தரவு அதிகம். எல்லாச் சீட்டுகளையும் ஒரே அளவாக்கி, குறைந்த இடத்தைப் பதரிட்டு நிரப்பவேண்டும்.

விடையும் காட்டிக்கொடுக்கும். ஓர் ஊரில் 40 குடும்பங்களின் மொத்தக் கடனைக் கேட்கலாமென்று அனுமதித்தால், ஒருவர் 40-க்கும் கேட்டு, பிறகு ஒரு குடும்பத்தை விட்டு 39-க்கும் கேட்டால், அக்குடும்பத்தின் கடன் கழித்தலில் வந்துவிடும். புளியங்கொட்டைப் பரீட்சையில் நமக்கு உதவிய அதே கழித்தல் இங்கே சத்துருவாகின்றது. இதற்குப் பூட்டு பரிகாரமன்று. இத்தனை பேருக்குக் குறைந்து விடை கொடுப்பதில்லையென்றும், சிறிது வித்தியாசமுள்ள இரண்டு கேள்விகளுக்குச் சேர்ந்தாற்போல் விடையில்லையென்றும் விதி வைக்கவேண்டும். சிலர் விடையிலேயே சிறிது கூட்டியும் குறைத்தும் கொடுப்பதுண்டு.

தப்பாய் எழுதின கணக்கு பூட்டினாலும் தப்பே. புஞ்சையில் கரும்பென்று எழுதிப் பூட்டி வைத்தால், நூறு வருஷம் கழித்தும் ரகசியமாய்க் கரும்பென்றே விடை வரும். ஆகவே பயிர்க் கணக்கெடுப்பில் தம் வயலுக்கு எழுதப்பட்டதைக் குடியானவர் பார்த்துத் திருத்திக்கொள்ளும் உரிமை, பூட்டைவிட முந்தியது.

அந்தரங்கம் அடிப்படை உரிமையென்று சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் 2017-ம் வருஷம் ஆகஸ்டு 24-ந் தேதி தீர்ப்பளித்தனர். தனிநபர் விவரப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் இயற்றப்பட்டது. சட்டம் இருந்தாலும், கணக்குக் கேட்டு வருகிறவரிடம் கேட்கவேண்டிய கேள்விகளைக் கேட்பவர் ஊரிலேயே இருக்கவேண்டும். சர்க்கார் இலாகாவானாலும், உரக் கம்பெனியானாலும், செல்போனில் விலை சொல்லும் வியாபாரியானாலும், கிராம நிர்வாக அலுவலரும் முக்கியஸ்தர்களும் கேட்கத்தக்கவை நான்கு. கணக்கு பூட்டி வைக்கப்படுகின்றதா? சாவி யாரிடம்? தேடுவதற்குத் திறக்க வேண்டுமா, திறவாமல் தேடுகிறார்களா? யார் எதைத் தேடினாரென்ற பதிவு எங்கே இருக்கின்றது, அதை யார் பார்க்கலாம்? இவற்றுள் இரண்டாவதற்குத் தெளிவான பதில் வராவிட்டால் மற்றவற்றைக் கேட்டுப் பயனில்லை. அலுவலர்கள் தமக்குரிய ரகசியச் சொல்லைத் தம்மிடத்தில் வேலை செய்வோருக்கோ, இ-சேவை மையத்தாருக்கோ சௌகரியத்துக்காகக்கூடக் கொடுத்துவைக்கலாகாது. செல்போனுக்கு வரும் ஒருமுறை எண்ணைக் குடியானவர்களும் பிறருக்குச் சொல்லலாகாது. 2020-ல் நடந்ததை மேலே சொல்லியிருக்கிறேன்.

புளியங்கொட்டைப் பரீட்சையைக் கிராம சபைக் கூட்டத்தில் நடத்த விரும்புவோர், இரண்டு குமாஸ்தாக்களாகப் பள்ளிப் பிள்ளைகள் இருவரைத் தனித்தனித் திண்ணையில் உட்காரவைத்து, எட்டு வயல்களுக்குப் பதில் பதினாறு வயல்களின் கணக்கைக் கொடுத்தால் நன்றாயிருக்கும். எந்த வயலைக் கேட்டோமென்று முதலில் அவர்களை ஊகிக்கச் சொல்லிவிட்டு, பிறகு இரு பட்டியல்களையும் சேர்த்துக் காட்டவேண்டும். கொட்டையை ஒரு பக்கம் மாத்திரம் நன்றாய்த் தேய்க்கவும். இரு பக்கமும் வெளுத்தால் பட்டியலில் எல்லா வயலும் வந்துவிடும்.